முறம் மூடிய சட்டிகள்

நத்தைக்கு வீடு கட்டும் கவலை இல்லை. வாடகை கேட்டு வருவாரும் இல்லை. ஊர்ப்பழி ஒன்றைத்தான் அது அதுவரை சுமந்ததில்லை. 1987ஆம் ஆண்டுத் தை மாதத்தில் அதுவும் முள்ளுக்குடி நத்தைகளின் முதுகில் ஏறிவிட்டது.

அந்த மாதம் ஊரில் பதினோரு ஆடுகள் செத்தன. தாடைக்குக் கீழே தண்ணீர்ப்பை கட்டித் தொங்கவிட்டாற்போல் வீக்கம், பிறகு கழிச்சல், பிறகு படுத்த ஆடு எழுவதில்லை. செந்துறைக் கால்நடை மருந்தகத்து டாக்டர் ஒருநாள் நேரில் வந்து, செத்த ஆடு ஒன்றை அறுத்து ஈரலைப் பிளந்து காட்டினார். இலைக்கொழுந்தைப் போல் தட்டையான புழுக்கள் அதற்குள் மடிந்து மடிந்து கிடந்தன.

“இந்தப் புழு குஞ்சா இருக்கும்போது உங்க குட்டை நத்தைக்குள்ள வளருது. அப்புறம் வெளிய வந்து கரைப் புல்லுல ஒட்டிக்குது. ஆடு அந்தப் புல்லைத் தின்னா முடிஞ்சுது. ஆட்டுக்கு மாத்திரை நான் தரேன். நத்தையை ஒழிக்கிறது உங்க பாடு” என்று சொல்லிவிட்டு அவர் கையைக் கழுவிக்கொண்டார்.

பஞ்சாயத்துத் தலைவர் ஆண்டவர் தாமதம் பிடிக்காத மனிதர். மூன்றாம் நாளே பிள்ளையார் கோயில் வாசலில் ஊரைக் கூட்டிவிட்டார்.

“மயில்துத்தம் ஒரு டிரம்மு வந்து எங்க களத்துல எறங்கியாச்சு. கரைச்சுப் புங்கன்குட்டையில ஊத்துனா நத்தை வம்சமே இருக்காது.”

“நத்தை இருக்காது, சரிங்க. மீனு இருக்குமுங்களா?” என்று பெண்கள் பக்கத்திலிருந்து ஒரு குரல் கேட்டது. நான்கு ஆடுகளைப் பறிகொடுத்த பொன்னாயியின் குரல் அது.

“செத்தது உன் ஆடு. நீயே மீனுக்குப் பரிஞ்சு பேசுறியா?”

“ஆடு என்னுதுங்க. மீனு எல்லாருதும்ல?”

அவள் சொன்னதில் பொய்யில்லை. வைகாசியில் குட்டைத் தண்ணீர் முழங்காலுக்கு இறங்கும்போது ஊரே கூடையும் மீன் பிடிக்கும் கச்சாவுமாக அதற்குள் இறங்கும். காணி உள்ளவனுக்கும் காணி இல்லாதவனுக்கும் அன்று ஒரே சேறு, ஒரே விரால். முள்ளுக்குடியில் எல்லாருக்கும் சமமாகப் பாத்தியப்பட்ட சொத்து என்று சொல்ல அந்தக் குட்டை மீனை விட்டால் மழையும் வெயிலும்தான் உண்டு.

அப்போதுதான் ஆண்கள் கூட்டத்தின் ஓரத்திலிருந்து அரியமுத்து எழுந்து நின்றார். பெண்கள் நடுவே நின்ற வேம்பு எட்டிப் பார்த்தாள். எழுந்தவர் அவள் புருஷன். மருந்தகத்தில் கம்பவுண்டர், அவர்கள் தெருவிலிருந்து முதன்முதலாக அரசாங்க உத்தியோகத்துக்குப் போனவர். ஆனால் குழம்பில் உப்பில்லை என்பதைக்கூட வாயால் சொல்லமாட்டார். உப்புச் சாடியைத் தம் பக்கம் நகர்த்திக்கொள்வார், அவ்வளவுதான். இருபத்திரண்டு வருஷத்தில் ஊர்க்கூட்டத்தில் அவர் வாய் திறந்து அவள் பார்த்ததில்லை.

“ஒரு மாசம் தவணை குடுங்க தலைவரே. மருந்து ஊத்தாமயே நத்தை பெருகுறத நிறுத்த வழி இருக்கும்னு நெனைக்கிறேன்.”

“என்ன வழி?”

“கீரைங்க.”

 டீக்கடைச் செல்லதுரை முதலில் சிரித்தான். “சரிதான்! பள்ளிக்கொடத்துல புள்ளைங்களுக்குப் போடுறாங்க, கம்பவுண்டரு நத்தைக்குச் சத்துணவு போடப் போறாரு!”

சிரிப்பு அடங்கும்வரை அரியமுத்து பொறுத்திருந்தார். பிறகு மெதுவாக விளக்கினார். வேம்பு தன் கொல்லையில் கீரை பயிரிட்டுச் செந்துறைச் சந்தைக்கு அனுப்புகிறவள். குட்டையின் கிழக்குக் கரைக் கற்படியில் அதை அலசி, கசங்கிய இலைகளைத் தண்ணீரிலேயே போட்டுவிடுவாள். தின்பதற்கு நத்தைகள் அங்கே மொய்க்கும். ஆனால் அந்தப் படிக்கல்லில் ஒரு முட்டை இருப்பதில்லை. மேற்குக் கரையிலோ, புங்கமரங்களுக்கு அடியில், எந்தக் கல்லைப் புரட்டினாலும் ஜவ்வரிசிக் கஞ்சி ஒட்டியதுபோல் முட்டைகள். சைக்கிளைக் கழுவப் போகும்போதெல்லாம் இரண்டு வருஷமாக அவர் இதைக் கவனித்து வந்திருக்கிறார்.

ஆண்டவர் மீசையைத் தடவியபடி யோசித்தார். “மாசி முடியறதுக்குள்ள கண்ணால காட்டு. இல்லன்னா டிரம்மைத் தொறந்துருவேன். அதுவரைக்கும் எவனும் குட்டைப் பக்கம் ஆட்டை ஓட்டக் கூடாது.”

வீட்டுக்குத் திரும்பும் வழியில் வேம்பு அவருக்குப் பக்கத்தில் வந்து நடந்தாள்.

“ஏங்க, அம்புட்டு பேரு முன்னால வாக்கு குடுத்துட்டீங்களே.”

“குடுத்துட்டேன்.”

“பயமா இருக்கா?”

“இருக்கு. கீரை அரைச்சுக் குடுக்குறியா?”

மறுநாளே வாயகன்ற எட்டு மண்சட்டிகள் வந்து இறங்கின. தண்ணீர் சூடேறாதிருக்க அவற்றைக் கழுத்துவரை கொல்லை மண்ணில் புதைத்து, சட்டிக்குப் பத்து நத்தைகள் என்று விட்டார் அரியமுத்து. வயலில் பிடித்துச் சமைக்கிற பெரிய நத்தை அல்ல இது. விரல்நகம் அளவே இருக்கும், ஓடு கண்ணாடிபோல் மெல்லியது. சந்துப் பக்கத்து வேலியிலிருந்து வீட்டை நோக்கி இரண்டு வரிசை. ஒரு வரிசையின் நான்கு சட்டிகளுக்குக் கீரை உருண்டை. மற்ற நான்குக்கு வெறும் அரிசிமாவு உருண்டை.

உருண்டை செய்யும் வேலை வேம்பினுடையது. பசலையை அரைத்துத் துணியில் பிழிந்து, சாற்றை இளஞ்சூட்டில் வைத்தால் பச்சை மட்டும் திரண்டு மேலே வரும். அதை வடித்தெடுத்து அரிசிமாவில் பிசைந்து, சுண்டைக்காய் அளவில் உருட்டி உலர்த்துவாள். ஒரே மகளைப் போன ஆவணியில் வரதராஜன்பேட்டையில் கட்டிக்கொடுத்திருந்தார்கள். அதிலிருந்து, சோறு வடித்து முடித்ததும் அடுத்து என்ன செய்வதென்று தெரியாமல் நின்ற கைகளுக்கு இப்போது எண்பது வாய்கள் கிடைத்துவிட்டன.

“தின்னுதா?” என்று சாயங்காலம் சைக்கிளை நிறுத்தும்போதே கேட்பார் அரியமுத்து.

“தின்னுதாவா? உருண்டையைப் போட்டா, கல்யாணப் பந்தியில எடம் புடிக்கிற மாதிரி ஒண்ணு மேல ஒண்ணு ஏறி வருது. உங்க மகளுக்கு ஊட்டுறதுக்குள்ள எனக்கு உசுரு போயிடும். இதுங்க தங்கம்.”

“பேரு கீரு வச்சுடாத. அப்புறம் எனக்குத்தான் கஷ்டம்.”

பெயர் வைக்கவில்லையே தவிர, வேம்பு அவற்றின் மேல் பாசம் வைத்துவிட்டாள். தொல்லையும் அங்கேதான் முளைத்தது.

குழாயடிக்குப் போகும் சந்து அவர்கள் கொல்லை வேலியை ஒட்டி ஓடியது. கம்பவுண்டர் வீட்டில் நத்தைக்கு விருந்து நடக்கிறது என்ற செய்தி இரண்டே நாளில் ஊரைச் சுற்றிவிட்டது. குடத்தோடு போகிறவர்கள் வேலி ஓரம் நின்று, பச்சை உருண்டைகள் கரைவதை வாய்பிளந்து பார்த்தார்கள். தலைவர் வீட்டுச் சுந்தராம்பாளே ஒருநாள் நின்றுவிட்டாள்.

“யம்மாடி, என்னா தீனி தின்னுதுங்க! எங்க வூட்டு எருமைகூட இப்புடித் தின்னாதுடி வேம்பு!”

வேம்புக்கு உடம்பெல்லாம் கூசியது. தின்கிற உயிரைப் பார்க்கக் கூடாது. பார்த்தாலும் வாயால் சொல்லக் கூடாது. பால் குடிக்கும் கன்றுக்குச் சாக்குப் படுதா கட்டுவதும், பிள்ளைக்குத் தெருவுக்கு முதுகு காட்டி உட்கார்ந்து சோறு ஊட்டுவதும் பிறகு எதற்காம்? கண்ணேறு பட்டால் கல்லே பிளக்கும்போது நத்தை ஓடு எம்மாத்திரம்?

மறுநாளிலிருந்து, அரியமுத்து சைக்கிளில் ஏறிச் சந்து திரும்பியதும், அவள் உருண்டைகளைப் போட்டுவிட்டு வேலிக்கு அடுத்த இரண்டு கீரைச் சட்டிகளின் மேல் தலா ஒரு முறத்தைக் கவிழ்த்து வைத்தாள். வீட்டுப் பக்கத்து இரண்டும் சந்திலிருந்து அவ்வளவாகத் தெரியாது என்பது அவள் எண்ணம். மாவுச் சட்டிகளைப் பற்றிக் கவலையே இல்லை; பழைய சோறு தின்பவன் மேல் யார் கண் வைக்கப் போகிறார்கள்? சாயங்காலம் சைக்கிள் மணி கேட்பதற்கு முன்னால் முறங்கள் சுவரில் போய்ச் சாய்ந்துவிடும். மறைக்க வேண்டும் என்ற எண்ணமில்லை. மருந்தும் ஊசியுமாகப் பழகுகிறவர் சிரிப்பாரே என்ற கூச்சம்தான்.

மாசி மாதத்துக் கடைசி வெள்ளிக்கிழமை வந்தது. வெளியாள் ஒருவர் பார்த்துச் சொன்னால்தான் நம்புவேன் என்று ஆண்டவர் சொல்லியிருந்ததால், அரியலூரில் ஒரு கல்லூரியில் விலங்கியல் கற்பிக்கும் காசிநாதனை அரியமுத்து அழைத்திருந்தார். மருந்தகத்துக்கு அவ்வப்போது புழு, பூச்சி கேட்டு வரும் பழக்கம் அவருக்கு. மொபெட்டில் முகமெல்லாம் செம்மண் படிய வந்து இறங்கியவர், கையோடு கொண்டுவந்த பூதக்கண்ணாடியோடு கொல்லையில் குத்துக்காலிட்டு உட்கார்ந்துவிட்டார். ஆண்டவர் ஒரு பக்கம், செல்லதுரை ஒரு பக்கம், வேலிக்கு அந்தப் பக்கம் பாதி ஊர்.

மாவுச் சட்டிகள் நான்கிலும் முட்டைகள் திட்டுத்திட்டாக ஒட்டியிருந்தன. வீட்டுப் பக்கத்துக் கீரைச் சட்டிகள் இரண்டும் துடைத்து வைத்ததுபோல் சுத்தம். நத்தைகளில் சில செத்தும் போயிருந்தன. அரியமுத்தின் முகம் மலர்ந்தது. காசிநாதன் அடுத்த இரண்டு சட்டிகளுக்கு நகர்ந்தார். கண்ணாடியைத் துடைத்து மறுபடி பார்த்தார். அவற்றில் முட்டைகள் மாவுச் சட்டிகளைவிடவும் செழிப்பாகக் கிடந்தன.

“அரியமுத்து, எல்லாத்துக்கும் ஒரே கீரைதானா?”

“ஒரே கீரை சார். ஒரே கை.”

“அப்போ நாலுல ரெண்டு. பூவா தலையா போட்ட மாதிரி இருக்கு. இதை வச்சு நான் ஒண்ணும் சொல்ல முடியாதே.”

ஆண்டவர் அரியமுத்தின் தோளில் கை வைத்தார். “கோச்சுக்காத கம்பவுண்டரே. நீ கேட்ட தவணையைக் குடுத்தாச்சு. ஞாயித்துக்கெழமை காலையில ஊத்திடலாம்.”

“சரிங்க” என்றார் அரியமுத்து. வேலியோரக் கூட்டம் கலைந்து போனது. செல்லதுரைகூட ஒன்றும் சொல்லாமல் போனான். அவன் கேலி செய்திருந்தால் வேம்புக்கு அவ்வளவு வலித்திருக்காது.

அவள் காசிநாதனுக்குக் காப்பி கொண்டுவந்து கொடுத்தாள். அவர் ஒரு வாய் குடித்தார். அரியமுத்து சட்டிகளையே பார்த்துக்கொண்டிருந்தார். அதற்குமேல் அவளால் தாங்க முடியவில்லை.

“ஏங்க, உங்க கீரை மேல தப்பு இல்ல. தப்பு இருந்தா என் மேலதான்.”

“என்ன வேம்பு?”

“முட்டை வச்சுருக்கே, அந்த ரெண்டு சட்டியையும் நாந்தான் மூடி மூடி வச்சேன். வேலி ஓரமா நின்னு ஊரே கண்ணு வச்சுதுங்க. மூடாத ரெண்டுக்கும் எப்புடியோ கண்ணு பட்டுருச்சு. அதான் மலடாப் போச்சு. மூடுனது புள்ளைக்குட்டியோட நல்லா இருக்கு. நீங்க கீரைன்னு நெனைச்சது அம்புட்டும் கண்ணேறுதான். நான் எல்லாத்தையும் மூடியிருந்தா எல்லாமே முட்டை வச்சுருக்கும், கீரையால ஒண்ணும் இல்லன்னு உங்களுக்கும் முன்னாடியே தெரிஞ்சு போயிருக்கும். இம்புட்டு பேரு முன்னால தலைகுனிய வச்சுட்டேன்.”

காசிநாதனுக்குப் புரையேறியது. சிரிப்பை அடக்க அவர் பட்ட பாட்டில் காப்பி வேட்டியில் சிந்திற்று. “அந்த மாவுச் சட்டியையும் நீங்க மூடலையேம்மா? அதுல முட்டை இருக்கே?”

“அதை யாரு சார் பாக்குறா? விருந்தைத்தானே பாப்பாங்க.”

அரியமுத்து சிரிக்கவில்லை. மெதுவாகத் திரும்பினார். “எப்பலேருந்து எப்பமுட்டும் மூடுவ?”

“நீங்க சைக்கிள் எடுத்ததும் மூடுவேன். நீங்க வர்றப்ப எடுத்துருவேன்.”

“அப்ப அதுங்க வெயிலையே பாக்கல.”

“கண்ணையே பாக்கலன்னுதானே சொல்றேன்...”

“இரு, இரு. சார், நல்லுசாமி வூட்டு மாடு ஞாபகம் இருக்கா? நீங்க வந்து பாத்தீங்களே?” அரியமுத்தின் பேச்சு ஒருநாளும் இல்லாத வேகம் கொண்டது. “உன்னிச்செடி தின்ன மாடு. வெயில்ல நின்னா, வெள்ளைத் தோலு உள்ள எடமெல்லாம் வெந்து உரிஞ்சு போச்சு. கருப்பு எடத்துல ஒண்ணும் இல்ல. டாக்டர் அதை இருட்டுக் கொட்டாயில கட்டச் சொன்னாரு. கட்டுனதும் தேறிடுச்சு. தழையில இருக்குற பச்சை ரத்தத்துல தங்கிடுச்சு, வெயில் பட்டாத்தான் அது கெடுதி பண்ணும்னாரு.”

காசிநாதன் தம்ளரைக் கீழே வைத்தார்.  “அந்தக் கீரைப் படிக்கல்லு, கிழக்குக் கரையில, வெட்டவெளியில இல்ல இருக்கு?” என்று கேட்டார்.

“ஆமா சார். முட்டை இருக்குற மேற்குக் கரை முழுக்கப் புங்க நெழல். ரெண்டு வருஷமா கீரையைத்தான் பாத்தேன். வெயிலை நான் பாக்கவே இல்ல.”

வேம்புக்கு ஒன்றும் விளங்கவில்லை. அவள் முகத்தைப் பார்த்த காசிநாதன் வகுப்பில் சொல்வதுபோல் சொன்னார். “அம்மா, ஒரு அகல்ல எண்ணெயும் திரியும் இருந்துதாம். ‘வெளிச்சம் என்னாலதான்’னு எண்ணெய் சொல்லிச்சாம். ‘என்னாலதான்’னு திரி சொல்லிச்சாம். ராத்திரி வரைக்கும் சண்டை. வெளிச்சம் மட்டும் வரல. மூலையில ஒரு நெருப்புக்குச்சி இருந்துது. அது வந்து உரசினப்புறம்தான் ரெண்டும் வாயை மூடிச்சு. உங்க கீரை எண்ணெய் மாதிரி. அது நத்தை உடம்புக்குள்ள போய்ச் சும்மா கெடக்குது. வெயில் வந்து உரசினாத்தான் வேலை செய்யுது. நீங்க முறத்தைப் போட்டு நெருப்புக்குச்சியை மறைச்சுட்டீங்க.”

“அப்ப கண்ணு...”

“கண்ணு இல்லம்மா. வெயிலு. ஆனா நீங்க மூடலைன்னா இது எங்க ரெண்டு பேருக்கும் ஜென்மத்துக்கும் தெரிஞ்சிருக்காது.”

தெரிந்தது சரி, நிரூபிக்க வேண்டுமே! புதிய நத்தைகளை விட்டு, போன தடவை மூடிய சட்டிகளைத் திறந்தும் திறந்தவற்றை மூடியும் இன்னொரு முறை பார்க்க வேண்டும். அதற்கு இருபது நாளாவது ஆகும். மயில்துத்தத்துக்கு இருந்ததோ இரண்டே நாள்.

அன்று சோற்றுக்கு உட்கார்ந்தபோது அரியமுத்து சொன்னார்: “கூட்டத்துல நான் பேசிக்கிறேன். ரெண்டு சட்டியைத் தவறிப்போய் நெழல்ல வச்சுட்டேன், என் கவனக்குறைவுன்னு சொல்லிடறேன். உன் பேரு வேணாம்.”

“ஏன் வேணாம்?”

“சிரிப்பாங்க.”

“உங்களைப் பாத்து மட்டும் சிரிக்கலாமா?”

“எனக்குத்தான் பழகிப்போச்சே” என்று சொல்லிவிட்டு அவர் உப்புச் சாடியைத் தம் பக்கம் நகர்த்திக்கொண்டார்.

ஞாயிற்றுக்கிழமை காலை ஊர் கூடியது. டிரம் மாட்டுவண்டியில் ஏறிக் கோயில் வாசலுக்கே வந்து நின்றிருந்தது. அரியமுத்து எழுந்து, “தலைவரே, ஒரு தப்பு நடந்துபோச்சு. ரெண்டு சட்டியை நான் தவறிப்போய்...” என்று தொடங்கினார்.

“அவரு பொய் சொல்றாருங்க!”

ஊரே திரும்பிப் பார்த்தது. சொன்னவள் வேம்பு. சொன்ன பிறகுதான் தான் இவ்வளவு உரக்கச் சொல்லிவிட்டோம் என்பது அவளுக்கே தெரிந்தது. இனிப் பின்வாங்க வழியில்லை. முறத்தையும், கண்ணேற்றையும், காப்பி சிந்தியதையும், உன்னிச்செடி தின்ற மாட்டையும் ஒன்று விடாமல் சொல்லி முடித்தாள். கண்ணேறு என்ற சொல் வந்த இடத்தில் பெண்கள் பக்கம் சலசலத்தது.

“யாரு கண்ணுடி அது? என்னையா சொல்ற?” என்று சுந்தராம்பாள் முன்னால் வந்தாள்.

 தலைவர் பெண்சாதியைப் பகைத்துக்கொண்டு தவணை வாங்க முடியுமா? ஆனாலும் உண்மையைப் பாதியில் விட அவளால் முடியவில்லை. “உங்க கண்ணுன்னு நான் சொல்லலீங்கம்மா. நீங்க எருமைன்னு சொன்னதை மட்டுந்தான் சொல்றேன்.”

முதலில் சிரித்தது ஆண்டவர்தான். “நல்லாச் சொன்ன! இவ கண்ணு பட்டுத்தான் இருவது வருஷமா எனக்கு ஒடம்பே தேறல.”

“ஆமா, தேறாத ஒடம்பைத்தான் பாரேன், வண்டி பாரம்!” என்றாள் சுந்தராம்பாள். அவளுக்கும் சிரிப்பு வந்துவிட்டது.

சிரிப்போடு சிரிப்பாகப் பொன்னாயி நுழைந்தாள். “டிரம்மு எங்கயும் ஓடிப் போவாதுங்க. மீனு ஒருதரம் செத்தா செத்ததுதான். இருவது நாளு பாருங்களேன். ஆட்டை நாங்க குட்டைப் பக்கம் வுடல. பனிரெண்டாவது ஆடு சாவலியே.”

ஆண்டவர் அரியமுத்தைப் பார்த்தார். பிறகு வேம்பைப் பார்த்தார். புருஷனுக்காகப் பொய் சொல்கிறவர்களை அவர் நிறையப் பார்த்திருக்கிறார். புருஷனை ஊர் நடுவில் பொய்யன் என்று சொல்லிக் காப்பாற்றுகிறவளை அன்றுதான் பார்த்தார்.

“இருவது நாளு. ஆனா சட்டியெல்லாம் இங்க, கோயில் வாசல் வெயில்ல இருக்கணும். முறத்தை மூடுறது நானு. தொறக்கிறதும் நானு. இந்தம்மா கை அதுல படக்கூடாது” என்றார்.

அப்படித்தான் நடந்தது. சட்டிகளைக் கோயில் வாசல் மண்ணில் கழுத்துவரை புதைத்து, புது நத்தைகளை விட்டார்கள். தினமும் காலையில் வேம்பு உருண்டை கொண்டுவர, ஆண்டவரே எண்ணிப் போட்டு, போன தடவை திறந்திருந்த இரண்டு கீரைச் சட்டிகளை மட்டும் முறத்தால் மூடிக் கயிற்றால் கட்டிவிட்டுப் போனார். நான்காம் நாள் அவர் தம் வீட்டுத் தோட்டத்துக் கீரையையும் கொஞ்சம் கொடுத்தனுப்பினார். ஏழாம் நாள், “அந்தச் சட்டியில ஒண்ணு சரியாத் தின்ன மாட்டேங்குதே, என்னன்னு பாரு” என்று அரியமுத்தை மருந்தகம் போகும் வழியில் நிறுத்திக் கேட்டார். குடத்தோடு போகும் பெண்களோ, யார் கண் பட்டது என்று பின்னால் பேச்சு வருமோ என்று அஞ்சி, சட்டிகளைத் தாண்டும்வரை முகத்தைத் திருப்பிக்கொண்டு போனார்கள்.

இருபதாம் நாள் விடிந்ததுமே காசிநாதன் வந்துவிட்டார். மூடியிருந்த இரண்டிலும் முட்டை. திறந்திருந்த இரண்டிலும் ஒன்றுமில்லை. சட்டிக்குச் சட்டி போன தடவைக்கு நேர் எதிர். அவர் பூதக்கண்ணாடியை ஆண்டவரிடமே கொடுத்துவிட்டார். ஆண்டவர் வெகுநேரம் குனிந்து பார்த்து, இடுப்பைப் பிடித்துக்கொண்டு நிமிர்ந்து, “வண்டியைப் பூட்டுங்கடா. அந்த டிரம்மை எங்க கொடிக்காலுக்கு ஓட்டுங்க. வெத்திலைக்கு அடிக்கலாம்” என்றார்.

சட்டியில் நடப்பதெல்லாம் குட்டையில் நடந்துவிடாது என்று அரியமுத்து அப்போதே எச்சரித்தார். கிழக்குக் கரையில் வெயில் உண்டு; மேற்குக் கரை நிழலில் உருண்டை தின்ற நத்தை சாவகாசமாக முட்டையிடுமே! ஆகவே புங்கமரங்களின் தாழ்ந்த கிளைகளைக் கழித்தார்கள். தழை வீணாகவில்லை, வயலுக்கு உரமாக மிதிக்க ஆளுக்கொரு கட்டு எடுத்துப்போனார்கள். வீட்டுக்கு ஒரு கைப்பிடிக் கீரை என்று முறை வைத்து, பொன்னாயி வீட்டு உரலில் அது அரைபட்டது. வெயில் ஏறத் தொடங்கும் நேரம் பார்த்து, ஆழமில்லாத ஓரத் தண்ணீரில் உருண்டைகளைத் தூவினார்கள். செல்லதுரை டீக்கடையை ஒரு மணி நேரம் சாத்திவிட்டு வந்து, “சத்துணவு, சத்துணவு!” என்று கூவிக்கொண்டே கரை நீளத்துக்கும் வீசினான்.

சித்திரை கடைசியில் அரியமுத்து எண்ணிக்கை எடுக்க இறங்கினார். முன்பே சுண்ணாம்பால் குறியிட்டிருந்த நாற்பது கற்கள். தை மாதத்தில் நாற்பதிலும் முட்டை இருந்தது. அவர் ஒவ்வொன்றாகப் புரட்டிச் சொல்ல, வேம்பு முழங்கால் தண்ணீரில் சேலையைச் செருகிக்கொண்டு நின்று நோட்டில் கோடு போட்டு வந்தாள். டாக்டர் சொல்லியிருந்தார்: அடுத்த மழை முடியும்வரை ஆடுகளுக்கு மாத்திரை தொடர வேண்டும், கரையில் மேய்க்கக் கூடாது. அதற்குப் பிறகும் நத்தை அற்றுப்போகும் என்று யாரும் நினைக்கவில்லை. குறைந்தால் போதும், மீன் பிழைத்தால் போதும்.

“இதுல இருக்கு” என்றார் அரியமுத்து.

“ஒம்பது.”

“அம்புட்டுதானா? சரியாப் போட்டியா?”

“நோட்டைப் பாத்துக்குங்க. நான் எதையும் மூடி வைக்கல.”

அவர் வாய்விட்டுச் சிரித்தார். கரையில் நின்ற ஆண்டவர், “என்ன கம்பவுண்டரே, எத்தனை?” என்று கேட்டார்.

“இன்னும் மூணு கல்லு பாக்கி இருக்குங்க. இதுவரைக்கும் ஒம்பது.”

“பத்துக்கு மேல போச்சுன்னா ஒன்னைய வுட மாட்டேன்!” என்று அவர் அதட்டியதில் அதட்டல் ஒன்றும் இல்லை.

அரியமுத்து அடுத்த கல்லுக்குக் குனிந்தார். வேம்பு நகரவில்லை.

“வா வேம்பு.”

“இருங்க. கால்ல என்னமோ கொத்துது.”

“என்னாது?”

“கெண்டைக் குஞ்சுங்க. நெறைய இருக்கு. கூச்சமா இருக்கு, ஆனா நல்லா இருக்கு.”

அரியமுத்து தெளிந்த தண்ணீருக்குள் பார்த்தார். அவள் பாதத்தைச் சுற்றி ஊசி ஊசியாய் வெள்ளி மின்னிக்கொண்டிருந்தது. கையிலிருந்த கல்லைச் சத்தமில்லாமல் இருந்த இடத்திலேயே வைத்துவிட்டு, அவர் தம் கால்களையும் அசையாமல் ஊன்றிக்கொண்டு அவள் பக்கத்தில் நின்றார்.